மழை விட்டது... மோட்டார் படுத்தது!

புதுச்சேரியில் மலிவு என்று பேர் வாங்கிய திரவங்கள் இரண்டு. ஒன்று, பெட்ரோல். இன்னொன்றை இங்கே எழுதத் தேவையில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோரிமேடு எல்லையைத் தாண்டி வருகிற கூட்டத்தைக் கேட்டால் சொல்லும். மூன்றாவதாக ஒரு திரவம் 2024 நவம்பர் 30-ம் தேதி ஊருக்கே இலவசமாகக் கிடைத்தது.

ஃபெஞ்சல் புயல்! பேர் வைத்தது சவூதி அரேபியா, அடி வாங்கியது நாம். ராத்திரி கரையைக் கடந்த புயல், கடந்த கையோடு போயிருந்தால் பரவாயில்லை. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகும் எழுந்திருக்காத பெரிய மாமா மாதிரி, ஊர் மேலேயே மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. வருஷம் பூராவும் நம் ஊரில் பெய்கிற மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரு ராத்திரி ஒரு பகலில் கொட்டித் தீர்த்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் குளமாகி, ராணுவம் வந்து ஆட்களை மீட்க வேண்டியதாயிற்று. ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் என்று அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது.

ஆட்களை மீட்டார்கள், சரி. ஸ்கூட்டரை யார் மீட்பது? நூறு கிலோவுக்கு மேல் கனக்கிற மின்சார ஸ்கூட்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற நாம் என்ன ஆஞ்சநேயரா? கீழேயே நின்றன. முழங்கால் தண்ணீரில், இடுப்புத் தண்ணீரில், மாதத் தவணை இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிற நிலையில்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு வெள்ளம் ஒன்றும் புதுசில்லை. சைலன்ஸருக்குள் தண்ணீர், ப்ளக்கில் தண்ணீர், ஏர் ஃபில்டரில் தண்ணீர். உதைத்து உதைத்துக் கால் வீங்கினதும் மெக்கானிக் வந்து ப்ளக்கைக் கழற்றி, துடைத்து, ஊதி மாட்டுவார். ஒரு இருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை, வண்டி ரெடி. மின்சார வண்டிக்கோ மூச்சிழுக்க மூக்கும் இல்லை, புகைவிட வாயும் இல்லை. அதனாலேயே நம் ஆட்களுக்கு ஓர் அசட்டுத் தைரியம். "இதுல எஞ்சினே இல்லியே, தண்ணி எங்க போய் உக்காரும்?" என்று இந்திரா காந்தி சிலைப் பக்கம் தேங்கின தண்ணீரில் தைரியமாக இறக்கிவிடுகிறார்கள். வண்டியும் விசுவாசமாக ஓடி, அக்கரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் சம்சாரத்திடம், "பாத்தியா!" என்று ஒரு பெருமிதம் வேறு.

அங்கேதான் வில்லங்கம். மின்சார வண்டியின் மோட்டார் பெரும்பாலும் மழையில் சாவதில்லை. மழை விட்ட பிறகுதான் சாகிறது. நிதானமாக, பத்து இருபது நாள் கழித்து, சுள்ளென்று வெயிலடிக்கும் ஒரு திங்கட்கிழமை, ஆபீசுக்கு லேட்டாகிற நேரமாகப் பார்த்து!

இந்த உரையாடல் கற்பனைதான். ஆனால் மழைக்காலம் முடிந்த கையோடு எந்த ஷெட் வாசலிலாவது அரை மணி நேரம் நின்றால் நிஜமாகிவிடும்:

"வண்டிய எப்ப சார் தண்ணில எறக்கினீங்க?"

"எறக்கவே இல்லண்ணே. லேசா தூறல்ல வந்தேன். அவ்ளோதான்."

"தூறலா? உள்ள மீன் புடிக்கலாம் போல இருக்குதே சார்!"

சக்கரத்துக்குள் ஒரு சீலிங் ஃபேன்

மெக்கானிக் திறந்து காட்டுகிற அந்தச் சாமான் என்ன என்று தெரிந்துகொள்வோம். விலை குறைந்த மின்சார ஸ்கூட்டர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. ஹப் மோட்டார் என்று பேர். பெரிய கம்பெனிகளிலும் இந்த ரகம் உண்டு. ஓசூரில் தயாராகிற டி.வி.எஸ். ஐக்யூப் அப்படித்தான். அதே ஓசூரில் தயாராகிற ஏத்தர் வண்டியில் மோட்டார் நடுவில் இருந்துகொண்டு பெல்ட் போட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிறது. நடுவில் இருப்பது கொஞ்சம் மேட்டு நிலம், சக்கரத்தில் இருப்பது பள்ளத்து வீடு. லாஸ்பேட்டைக்கும் ரெயின்போ நகருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப் மோட்டாரின் வேலையைப் பார்க்க அண்ணாந்து பார்த்தால் போதும். சீலிங் ஃபேனில் நடுக் காயில் அசையாமல் நிற்க, வெளிக்கூடு சுற்றுகிறதில்லையா? அதே சங்கதிதான். நடுவில் இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன் பற்களில் தாமிரக் கம்பி சுற்றியிருப்பார்கள். அது ஆக்ஸிலோடு சேர்ந்து சும்மா நிற்கும். சுற்றிலும் வளையமாகக் காந்தங்கள். அவைதான் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் கூட வராத இடைவெளி. மிக்ஸி மோட்டாரில் இருப்பது போன்ற கார்பன் பிரஷ் இதில் கிடையாது. காந்தம் இந்த நிமிஷம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்கு ஒற்றுச் சேதி அனுப்ப, மிளகு சைஸில் மூன்று ஹால் சென்சார்கள். (எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879-ல் கண்டுபிடித்த விளைவு இது. மண்டபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

தாமிரக் கம்பிக்கு எனாமல் பூச்சு உண்டு. அதனால் தண்ணீர் பட்டதும் சினிமாவில் வருகிற மாதிரி 'டமால்' ஆகிவிடாது. நம் ஊர் போர்வெல்களில் சப்மெர்சிபிள் மோட்டார் வருஷக்கணக்காகத் தண்ணீருக்குள்ளேயே குடித்தனம் நடத்தவில்லையா? ஆனால் அது அதற்கென்றே பிறந்த ஜாதி. கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை, துருப்பிடிக்காத உடம்பு. ஸ்கூட்டர் மோட்டார் அப்படியில்லை. உள்ளே போன தண்ணீர் முதல் நாள் ஒன்றும் செய்யாது. இரண்டாம் வாரம் இரும்புத் தகட்டில் துரு கிளம்பும். துரு என்பது வெறும் கறை இல்லை, உப்பிப் பெருகும். அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் காந்தத்தை உரச ஆரம்பிக்கும். பேரிங்கில் இருக்கிற கிரீஸ் தண்ணீரோடு கலந்து, ஆறிப்போன டீ கலருக்கு வரும். 'கரகர'வென்று ஒரு சத்தம். ஹால் சென்சாரின் மெல்லிசான கால்களுக்கு நடுவே ஈரமும் உப்பும் பாலம் கட்டும். கன்ட்ரோலருக்குத் தப்புத் தப்பாகச் சேதி போகும். அப்போதுதான் வண்டி சிக்னலில் எடுக்கும்போது விக்கல் வந்தவன் மாதிரி உதறும். உதறுகிற வண்டியையே நாம் "சரியாயிடும், சரியாயிடும்" என்று இன்னும் ஒரு வாரம் ஓட்டுவோம். அந்த ஒரு வாரத்தில் கன்ட்ரோலரும் கூட்டுச் சேர்ந்துவிடும்.

ஒரு கிளாஸ் டீ

எல்லா மோட்டாரும் மூடித்தானே வருகிறது, தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? வாசல் மூன்று. சைடு கவர் ஒட்டுகிற விளிம்பு, பேரிங்கின் ஆயில் சீல், எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஆக்ஸில் வழியாக வயர் வெளியே வருகிற ஓட்டை. மூன்று தடி வயர், ஐந்தாறு மெல்லிய வயர் எல்லாம் ஒரே கேபிளாக அந்த ஓட்டையில்தான் வருகின்றன. திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, கேபிளின் மேலுறைக்குள்ளேயே தண்ணீர் ஊர்ந்து போகும்.

இதெல்லாம் சொட்டுச் சொட்டாக. மடமடவென்று குடிக்க வைப்பது வேறொன்று: சூடு.

வில்லியனூரிலிருந்து நேரு வீதிக்கு மழையில் அவசர அவசரமாக வருகிறீர்கள். மோட்டார் 80 டிகிரி வரை சூடாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருந்த காற்று விரிந்து, சந்து பொந்து வழியாகக் கொஞ்சம் வெளியே போயிருக்கும். இந்த நேரத்தில் தேங்கின தண்ணீரில் இறக்கினால், சூடான இட்லிச் சட்டியைத் தொட்டியில் முக்கின மாதிரி 'சுர்'ரென்று குளிர்ந்து 27 டிகிரிக்கு வருகிறது. உள்ளே இருக்கிற காற்று சுருங்குகிறது. சுருங்கின இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியாக வேண்டுமே! வெளியே இருப்பது தண்ணீர்தான். உள்ளே அரை லிட்டர் காற்றுக்கு இடமிருந்தால், பள்ளிக்கூடத்தில் படித்த சார்லஸ் விதிப்படி சுமார் 75 மில்லி. டீக்கடைக் கணக்கில் ஒரு கிளாஸ் டீ. உறிஞ்சினதைத் திரும்பத் துப்புவதற்கு மோட்டாருக்கு வழி தெரியாது. சூடானால் ஆவி, ஆறினால் மறுபடி தண்ணீர் என்று உள்ளேயே குக்கர் வைத்துக்கொண்டிருக்கும்.

இதே வேலை, வெள்ளமே இல்லாமல் தினமும் சின்ன அளவில் நடக்கிறது. பகலில் ஓடிச் சூடாகிற மோட்டார் ராத்திரி ஆறும்போது ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்தோடு உப்பும் இலவச இணைப்பு. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள்: ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் ரிம் வரை எதுவும் கடற்காற்றுக்குத் தப்பாது. மோட்டார் மட்டும் எப்படித் தப்பும்? விவரம் தெரிந்த கம்பெனிகள் மோட்டாரிலும் பாட்டரிப் பெட்டியிலும் ஒரு சின்னச் சவ்வு வைத்துவிடுகின்றன. காற்று போய் வரும், தண்ணீர் போகாது. மலிவு வண்டியில் சவ்வையெல்லாம் தேடாதீர்கள்.

ஐ.பி. கொடுத்த வண்டி

ஐ.பி. என்றதும் மஞ்சக் கடுதாசி ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்கவும். இது வேற ஐ.பி. ஷோரூமில் வழவழ காகிதத்தில் "ஐ.பி. 67" என்று போட்டிருப்பார்களே, அது. தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்குச் சர்வதேச அளவில் வைத்திருக்கும் மார்க் ஷீட். முதல் எண் தூசிக்கு. 6 என்றால் சென்டம். இரண்டாவது எண் தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கிற தண்ணீர் தாங்கும். 5 என்றால் குழாய் வைத்துப் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிஷம் முக்கி வைத்தாலும் கெடுதல் செய்கிற அளவுக்குத் தண்ணீர் போகாது.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறதில்லையா? கண்டிஷனைக் கேளுங்கள். முக்குகிற தண்ணீர் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரோ சாக்கடையோ இல்லை. முப்பது நிமிஷம்தான், கிருஷ்ணா நகரில் தேங்கின மாதிரி ராத்திரி பகலாக இல்லை. சாமான் புத்தம் புதுசு. மூன்று வருஷம் புஸ்ஸி வீதிக் குண்டு குழியில் ஆடி, ரப்பர் சீல் காய்ந்துபோன கிழட்டுச் சாமான் இல்லை. இதையெல்லாம் விடச் சுவாரஸ்யமானது, முக்குகிற தண்ணீருக்கும் சாமானுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பரீட்சை விதி. நாமோ கொதிக்கக் கொதிக்க ஓட்டிக்கொண்டு வந்து பொத்தென்று இறக்குகிறோம். பரீட்சையில் வராத கேள்வி!

இன்னொரு சூட்சுமம். 7 வாங்கின வண்டி 5-ஐயும் பாஸ் பண்ணியிருக்கும் என்று நினைக்காதீர்கள். முக்கினால் தாங்குவது வேறு, பீய்ச்சி அடித்தால் தாங்குவது வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பரீட்சை. இதைச் சொல்லக் காரணம், நம் மக்களின் அபிமான வழிபாடான வாட்டர் வாஷ்! மழைத் தண்ணீர் மேலிருந்து விழுந்து வழிந்து ஓடிவிடும். வாட்டர் வாஷ் பையனோ துப்பாக்கி மாதிரி குழாயை நீட்டி, "சக்கரத்துல ஒரே சேறு சார்" என்று அக்கறையாக ஆக்ஸில் பக்கமே நேராகப் பாய்ச்சுவான். மழை ஆறு மாதத்தில் செய்யாததை அவன் ஆறு நிமிஷத்தில் செய்துவிடுவான். என் கட்சி, மின்சார வண்டிக்கு ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியனும் போதும்.

சரி, மழையில் ஓட்டவே கூடாதா? தாராளமாக ஓட்டலாம். மழையில் நனைந்து கெட்டுப்போகிற மாதிரி எந்த நல்ல கம்பெனியும் வண்டி செய்வதில்லை. தேங்கின தண்ணீரில்தான் கணக்கு. சில கம்பெனிகள் 300 மில்லிமீட்டர், 400 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று சொல்லியே விற்கின்றன. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கூடவே வந்த புத்தகத்தில் இருக்கும். (அந்தப் புத்தகம் பரணில், மிக்ஸி கியாரண்டி கார்டுக்கு அடியில் இருக்கும்.) நம்பர் தெரியாவிட்டால் ஆக்ஸில்தான் எல்லைக் கோடு. நமக்கு முன்னால் போகிற ஸ்கூட்டரின் சக்கரத்தில் நடுப்பகுதி முங்குகிறதா என்று பாருங்கள். முங்கினால் கௌரவம் பார்க்காமல் இறங்கி, சாவியை அணைத்து, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவது உத்தமம். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நடக்கிற வேகம். வேகமாகப் போனால் அலை எழும்பி, எட்டாத உயரத்தில் இருக்கிற கன்ட்ரோலருக்கும் அபிஷேகம் ஆகிவிடும். பெரிய வாய்க்கால் பக்கம் சாலை எது வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்றால் வண்டியைப் பற்றிய பேச்சே வேண்டாம். முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

கையில் கொஞ்சம் எண்ணெய் அழுக்குப் படுவதில் ஆட்சேபணை இல்லாதவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். மோட்டாரிலிருந்து மேலே போகிற கேபிள், ஆக்ஸில் ஓட்டையிலிருந்து நேரே மேலே ஏறினால் மழைத் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று உள்ளே இறங்கிவிடும். கேபிள் முதலில் ஓட்டையை விடக் கீழே தொங்கி, ஊஞ்சல் மாதிரி வளைந்து, அப்புறம் மேலே போக வேண்டும். சொட்டு அந்த வளைவின் அடியிலேயே கீழே விழுந்துவிடும். ஞாபகமிருக்கிறதா, டிவி கேபிளை வீட்டுக்குள் இழுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு வளைவு விடுவார்களே? அதே டெக்னிக்தான். பழுது பார்த்துவிட்டு அவசரமாக மாட்டும்போது இந்த வளைவை டேக் போட்டு இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். பார்க்க நீட்டாக இருக்கும். மழைக்கும் நீட்டான பாதை.

கனெக்டர்களில் சிலிகான் கிரீஸ் தடவலாம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கிறது. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் தலைக்கு, கனெக்டருக்கு இல்லை. சைடு கவர் விளிம்பைச் சிலிகான் பேஸ்ட் வைத்து அடைக்கிற மெக்கானிக்குகள் உண்டு. நல்ல வேலைதான். ஆனால் டியூபைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். வினிகர் மாதிரி நெடியடித்தால் அது பாத்ரூம் டைல்ஸ் ஓட்டுகிற சாமான். காய்கிற வரைக்கும் அமிலம் விடும், தாமிரத்தை அரிக்கும். 'நியூட்ரல்' என்று போட்டது வேறு டியூப். பத்து இருபது ரூபாய் வித்தியாசம் பார்த்து மோட்டாரை ஊறுகாய் போட வேண்டாம்.

அதே மாதிரி கன்ட்ரோலரைப் பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். கன்ட்ரோலர் சூடாகிற ஜந்து. அதற்கு ரெயின்கோட் மாட்டிவிட்டால் உள்ளேயே வியர்த்து, அந்த வியர்வையிலேயே நனையும். முழு வண்டியையும் காற்றுப் புகாமல் தார்ப்பாயில் கட்டி வைப்பதற்கும் இதே பலன்தான்.

மோட்டாரின் அடியில் டிரில் போட்டு ஓட்டை வைத்து, "தண்ணி வந்தா தானா எறங்கிடும் சார்" என்று சொல்கிற ஆட்களும் உண்டு. உலகம் பூராவும் இந்தக் கட்சி இருக்கிறது. பிசகில்லாத யோசனை போலத்தான் தெரியும். ஆனால் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்றால், வெள்ளத்தில் ஏறவும் செய்யும். உப்புக் காற்றுக்கு நிரந்தர வாசலும் ஆயிற்று. வாரண்டியும் அந்த ஓட்டை வழியாகவே போய்விடும். வீட்டிலேயே ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பி மோட்டாரைத் திறக்கலாம் என்ற ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் காந்தங்கள் சாமி படம் ஒட்டுகிற ஃப்ரிட்ஜ் காந்தம் இல்லை. கழற்றின ரோட்டரைப் படாரென்று திரும்ப இழுக்கும். நடுவில் விரல் மாட்டினால் நசுங்கும்.

முங்கியே விட்டது... இப்போ?

ராத்திரி பூரா தண்ணீரில் நின்ற வண்டியைக் காலையில் பார்த்ததும் நம் கை தன்னிச்சையாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு: "ஆன் ஆகுதான்னு பாப்போம்." அதைத்தான் செய்யக் கூடாது! நனைந்த கன்ட்ரோலரும் சென்சாரும் மின்சாரம் பாயாமல் காய்ந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. ஈரத்தோடு ஆன் செய்தால், கம்பிக்குக் கம்பி தண்ணீர் வழியே மின்சாரம் ஓடி, உலோகத்தையே கரைத்து எடுத்துவிடும். மழைத் தண்ணீர் மேகத்திலிருந்து இறங்கும்போது பரம சாது. மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. தெருவுக்கு வந்து சாக்கடையோடும் உப்போடும் சகவாசம் வைத்த பிறகுதான் ரௌடி ஆகிறது.

ஆகவே, சாவி போடக் கூடாது. சார்ஜரை மாட்டவே கூடாது. தண்ணீர் வடிந்து, தரையும் உங்கள் காலும் காய்ந்த பிறகு சீட்டுக்கு அடியில் எம்.சி.பி. இருந்தால் அதை இறக்குங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். கடல் தண்ணீரோ சாக்கடையோ ஏறியிருந்தால் மக்கில் நல்ல தண்ணீர் மொண்டு சக்கரம், பிரேக் பக்கமெல்லாம் மெதுவாக ஊற்றிக் கழுவலாம், உப்பு போகட்டும். அப்புறம் சர்வீஸ் ஆளுக்குப் போன். அவர் பத்து நாள் ஆகும் என்பார். ஃபெஞ்சல் மாதிரி சமயத்தில் ஊர் பூரா வண்டி வரிசையில் நிற்குமே. பத்து நாளும் ஆன் செய்யாமல் இருப்பதுதான் பெரிய விரதம். கவரைத் திறந்து தண்ணீரைக் கொட்டி, காயவைத்து, பேரிங்கும் சீலும் ஹால் சென்சாரும் மாற்றினால் பல மோட்டார்கள் எழுந்துவிடும். மாற்றுகிற சாமான்கள் மோட்டார் விலையில் சின்னப் பங்குதான். துரு பிடிக்க விட்டு இரண்டு மாதம் கழித்துப் போனால், மோட்டாரையே மாற்றச் சொல்வார்கள்.

மோட்டார் செத்தால் பணத்தோடு போயிற்று. பாட்டரி விஷயம் அப்படியில்லை. லித்தியம் பாட்டரிக்குள் உப்புத் தண்ணீர் போனால் உடனே ஒன்றும் ஆகாமல், உள்ளுக்குள் அரித்து, நாள் கழித்து, சில சமயம் வாரம் கழித்துத் தீப்பிடிக்கலாம். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் 2022 செப்டம்பரில் இயான் புயலின்போது கடல் தண்ணீர் ஏறிய மின்சாரக் கார்கள் இப்படித்தான் எரிந்தன. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலுக்குப் பிறகும் அதே கதை. அதனால் முங்கின மின்சார வண்டியை வீட்டிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்பது அங்கே அரசாங்கம் சொல்கிற யோசனை. நம் ஊர்க் குறுக்குத் தெருவில் 50 அடி தள்ளினால் எதிர்வீட்டுக்காரர் ஹாலுக்குள் போய் நிற்கும்! ஆனாலும், மாடிப்படிக்கு அடியிலோ, வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வாசலை அடைத்துக்கொண்டோ நிறுத்தாமல் இருக்கலாமே. கழற்றுகிற பாட்டரி வைத்திருப்பவர்கள் நனைந்த பாட்டரியை "பாவம், குளிரும்" என்று படுக்கையறைக்குக் கொண்டுபோக வேண்டாம். நம் நாட்டிலும் 2022-ல் சில ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு மத்திய அரசு பாட்டரி விதிகளை இறுக்கியது. அந்த டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின பாட்டரி வைத்திருப்பவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்கலாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் கட்டியிருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் காலணா வராது. அது நீங்கள் யார் மேலாவது மோதினால் அவருக்கு. வெள்ளம், புயலுக்கு முழு இன்ஷூரன்ஸ் வேண்டும். அதிலும் ஒரு முடிச்சு: வெள்ளத்தில் கெட்டது என்பது வேறு, வெள்ளத்தில் நனைந்ததை நீங்கள் ஆன் செய்து கெடுத்தது என்பது வேறு என்று வாதாடுவார்கள். பெட்ரோல் எஞ்சின்களில் பல வருஷமாக நடக்கிற வழக்கு இது. இப்போது மோட்டாருக்கும் பாட்டரிக்கும் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கிற பாதுகாப்புத் திட்டங்கள் வந்திருக்கின்றன. நம் ஊரில் போடுவது வீண் செலவில்லை. தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று வண்டி நின்ற இடத்திலேயே, தொடுவதற்கு முன்னால் நாலு போட்டோ எடுத்து வையுங்கள்.

மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குக் கீழான மோட்டார் வைத்த குட்டி வண்டிக்காரர்களுக்கு நம்பர் பிளேட்டும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம் என்பது சலுகை. இன்ஷூரன்ஸும் அநேகமாகப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது அந்தச் சலுகையின் மறுபக்கம். டியூஷன் போகிற பெண், கடைக் கணக்குப் பிள்ளை, ரிடையரான வாத்தியார் என்று அந்த வண்டி வைத்திருப்பவர்கள்தான் பள்ளத் தெருக்களில் அதிகம் மாட்டுகிறார்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே, தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே, மேட்டில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டிலோ ஆபீஸ் போர்ட்டிகோவிலோ வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்துவிடுவதை விடச் சிக்கனமான இன்ஷூரன்ஸ் அவர்களுக்குக் கிடையாது. சார்ஜரையும் மறக்காமல் மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். அது தண்ணீர் தாங்குகிற சாமானே இல்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற சமயத்தில்தான் ஆயுத பூஜையும் வருகிறது. வழக்கம் போல வண்டியைப் பூஜைக்கு வாட்டர் வாஷ் விடக் கிளம்புவோம். இந்த வருஷம் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, சந்தனம் குங்குமம் வைக்கக் குனிகிறபோது அப்படியே பின் சக்கரத்துப் பக்கம் தலையைச் சாய்த்து, கேபிள் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறதா, கவர் விளிம்பில் செம்மண் கலரில் துருக் கோடு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காதைக் கொடுங்கள். 'கரகர' என்றால், எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு நேரே மெக்கானிக் ஷெட்டுக்கு.